மாடி அறையில் செய்த பற்கள்

நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்காவை எங்கள் தெருவில் பாதிப் பேர் பல் டாக்டர் என்றே நினைத்திருந்தார்கள். கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு யாராவது வந்து கேட்டைத் தட்டுவார்கள். கீழ்வீட்டில் இருக்கும் நான்தான் போய்த் திறப்பேன். "மேல டாக்டரம்மா இருக்காங்களா?" என்பார்கள். அண்ணி மாடிப்படியில் பாதி இறங்கி வந்து நின்று, "நான் டாக்டர் இல்லீங்க. பல்லு செய்யறவ. அதுவும் கம்ப்யூட்டர்ல. வலிக்கிற பல்லைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது," என்பார். வந்தவர் நம்ப மாட்டார். "சும்மா ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்களேன்," என்று வாயைத் திறந்து காட்டுவார். அண்ணியும் எட்டிப் பார்த்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் டாக்டரிடம் அனுப்பி வைப்பார்.

அவர் என்ன வேலை செய்கிறார் என்று எனக்கே விளங்குவதற்குக் கொஞ்ச நாள் பிடித்தது. எங்கோ ஒரு வெளிநாட்டில் ஒருவருக்குப் பல் உடைகிறது. அங்கே டாக்டர் அதை ராவி, மேலே உறை மாட்டுவதற்குத் தயார் செய்கிறார். வாய்க்குள் ஒரு சின்னக் கேமராவை விட்டு ஸ்கேன் எடுத்து, பல் செய்து தரும் லேபுக்கு அனுப்புகிறார். லேபிலிருந்து அது எங்கள் மாடிக்கு வரும். அண்ணியின் திரையில் ஒரு தாடை மெதுவாகச் சுற்றும். உதடு கிடையாது, மூக்கு கிடையாது, வெறும் ஈறும் பல்லும். ராவிய பல்லைச் சுற்றி மவுஸால் புள்ளி புள்ளியாக எல்லை போடுவார். அதன்மேல் புதுப்பல்லை எழுப்புவார். மேடு எங்கே, பள்ளம் எங்கே, பக்கத்துப் பல்லை எங்கே தொட வேண்டும், எதிர்ப்பல் வந்து எங்கே உட்காரும், எல்லாம் பார்க்க வேண்டும். "ரொம்ப ஒட்டி வச்சா சுத்தம் பண்ற நூல் நுழையாது. தள்ளி வச்சா சாப்பிடுறதெல்லாம் அங்க போய் மாட்டிக்கும். நடுவுல இருக்கிறது ஒரு முடி அகலம்தான்," என்று ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார். அவர் முடித்து அனுப்பியதை அங்கே ஒரு இயந்திரம் வெள்ளைக் கட்டியிலிருந்து கடைந்து எடுக்கும். யாரோ ஒருவர் அதைக் கொண்டு மெல்லுவார்.

வேலை நடந்த இடம் மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சின்ன அறை. பழைய தையல் மெஷினைக் கழற்றிவிட்டு, அதன் மேசையில் இரண்டு திரைகளை வைத்திருந்தார். மிதிகட்டை மட்டும் கீழே அப்படியே இருந்தது. யோசிக்கும்போது கால் தானாக அதை மிதிக்கும். ஜன்னலில் வெளிச்சம் அடிக்காமல் இருக்க ஒரு நீலப் போர்வை. அந்த நாட்டு நேரத்துக்கு ஈடுகொடுக்க விடியும் முன்பே உட்கார்ந்தால் மதியம்தான் எழுவார். இடையில் தொட்டியில் தண்ணீர் நிரம்பும் சத்தம் கேட்டால் மட்டும் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வருவார்.

சொந்தக்காரர்களுக்கு இது ஒரு வேலையாகவே படவில்லை. "வீட்டுலதானே இருக்கா," என்று சொல்லிக்கொண்டு காலை நேரத்தில் வந்து உட்காருவார்கள். அண்ணி கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "ஒரு வாய் பாதியில நிக்குது. மதியம் வரேன்," என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்வார். திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது. உண்மையில் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத சுபாவம் அவருக்கு. வேலை விஷயத்தில் மட்டும் அந்தச் சுபாவம் எங்கே போகும் என்று தெரியாது.

அதற்கு ஒன்று சொல்கிறேன். அந்த லேபில் சேர்ந்த புதிதில் ஒரு ஸ்கேன் வந்தது. ஈறில் இரத்தம் தேங்கி, பல்லின் எல்லை சரியாகத் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒரு கோடு போட்டு அனுப்பியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அண்ணி, "எல்லை தெரியவில்லை. மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்," என்று எழுதிவிட்டார். எழுதிய பிறகுதான் பயம் வந்தது. கீழே வந்து, "வந்த வேலையைத் திருப்பி அனுப்பிட்டேன். சீட்டைக் கிழிச்சிடுவாங்கன்னு நினைக்கிறேன்," என்றார். மறுநாள் பதில் வந்தது. ஒரே சொல், ஓகே. கூடவே புது ஸ்கேன்.

லேபின் முதலாளி எதற்குமே அந்த ஒரு சொல்லைத் தாண்ட மாட்டார். விடுமுறை கேட்டாலும் ஓகே, மெஷின் உடைந்தது என்று சொன்னாலும் ஓகே. அவருக்கு எங்கள் வீட்டில் 'ஓகே ஐயா' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் குரலை அண்ணி கேட்டது சில தடவைதான். முகத்தைப் பார்த்ததே இல்லை.

அப்படிப்பட்ட ஓகே ஐயாவிடமிருந்து ஒருநாள் ஒரு பத்தி முழுக்க எழுத்து வந்தது. அண்ணி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடி வந்தார். நான் மருந்துக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், அங்கே கணக்கு எழுதுவது என் வேலை. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து படித்தேன். லேபில் வடிவமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவர் ஓய்வு பெறுகிறார். நீ இங்கே இருந்திருந்தால் அந்த நாற்காலி உனக்குத்தான். உன்னை அழைத்துக்கொள்ள என் லேபுக்கு அந்த அளவு வசதியில்லை. ஆனால் உன் தொழில் இங்கே தேவைப்படும் தொழில்களில் ஒன்று; நீயாகவே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. யோசித்துப் பார்.

"என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நான் செய்யற பல்லு அத்தனையும் அந்த ஊருக்குப் போயிடுச்சு. நான் மட்டும்தான் போகல," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

அண்ணியின் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். ஊருக்கு அவர் டிரைவிங் மாஸ்டர். பக்கத்து மைதானத்தில், இரண்டு பக்கமும் பிரேக் வைத்த ஒரு வெள்ளைக் காரில், நாள் முழுக்கப் பேசிக்கொண்டே ஓட்டக் கற்றுத்தருவார். பேச்சு நின்றால் வண்டி நின்றுவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அவரிடம் சொன்னபோது, "எனக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்டார். பிறகு இரண்டு நாள் மௌனம். அவர் மௌனமாக இருந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் மாடியிலிருந்து பழையபடி அவர் குரல் கேட்டது, எனக்கும் உயிர் வந்தது.

குடியேற்ற வேலைகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு மூன்று பேரும் போனோம். காகிதங்களைச் சரிபார்க்க என்னையும் அழைத்திருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் எடுத்த எடுப்பில் அண்ணனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "சார், நீங்க என்ன படிச்சிருக்கீங்க? எத்தனை வருஷ அனுபவம்?"

அண்ணன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "தம்பி, ஸ்டியரிங் அவங்க கையில. நான் பக்கத்து சீட்டு," என்றார்.

இளைஞர் சிரித்துவிட்டு அண்ணி பக்கம் திரும்பினார். அதன்பின் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. விண்ணப்பிப்பவர்களுக்குப் பாயிண்ட் போட்டுத்தான் எடுப்பார்கள்; வயது நாற்பதைத் தாண்டினால் அது குறையும், அண்ணிக்கு இன்னும் கொஞ்சம் நாள் கையில் இருந்தது. ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். அண்ணனும் எழுதினால் அவருடைய மதிப்பெண்ணும் கூடச் சேரும். தொழிலை அந்த நாட்டுச் சபை ஒன்று மதிப்பிட்டு, இவர் தகுதியானவர்தான் என்று சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதன் பிறகு.

வீட்டில் உட்கார்ந்து செய்த வேலையை அவர்கள் வேலையாக ஏற்பார்களா என்பதுதான் அண்ணியின் பயம். சொந்தபந்தமே ஏற்காதபோது சபை எப்படி ஏற்கும் என்று நினைத்தாரோ என்னவோ. அந்தப் பயம் வீணாய்ப் போனது. சபையிலிருந்து ஓகே ஐயாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தார்களாம். ஒரு சொல் மனிதர் அன்றைக்கு அரை மணி நேரம் பேசியிருக்கிறார். கேட்டவரே போதும் போதும் என்று சொல்லும்வரை பேசினேன் என்று பிறகு அண்ணிக்கு எழுதினார். வேலை செய்தது உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

சிக்கல் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. சபையின் பதில் இப்படி இருந்தது: உங்கள் அனுபவம் இத்தனை வருடமும் கணினியில் மட்டுமே. எங்கள் நாட்டில் இந்தத் தொழிலாளி கையாலும் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும். தேர்வாளர்கள் முன்னால் உட்கார்ந்து மெழுகில் பல் செதுக்கிக் காட்டுங்கள், ஒரு முழுப் பல்செட்டை அடுக்கிக் காட்டுங்கள்.

அண்ணி படிப்பை முடித்த புதிதில் ஒரு லேபில் கையால்தான் வேலை செய்தார். மகள் பிறந்தபின் அந்த நேரங்கள் ஒத்துவராமல் கணினிக்கு மாறியவர். அதன்பின் கத்தியைத் தொட்டதே இல்லை.

அன்று மாலை கடையிலிருந்து ஒரு கட்டு குளியல் சோப்பு வாங்கி வந்தார். சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, காய்கறிக் கத்தியால் ஒரு கடைவாய்ப்பல்லைச் செதுக்க உட்கார்ந்தார். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். ஒரு மணி நேரம் கழித்துக் கையை விரித்துக் காட்டினார்.

"உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும்மா," என்றாள் அவர் மகள்.

"உருளைக்கிழங்குதான்," என்றார் அண்ணி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணுக்குத் தெரியுது. கைக்கு மறந்துபோச்சு. தப்பாப் போட்டா அழிச்சிட்டுத் திரும்பப் போடுற பட்டன் கத்தியில இல்லையே."

அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் எல்லாரும் பல்லைத் தேய்த்துத்தான் குளித்தோம். சோப்புப் பெட்டியைத் திறந்தால் ஒரு கடைவாய்ப்பல், கை கழுவும் இடத்தில் ஒரு கோரைப்பல். வந்த விருந்தாளி ஒருவர் கை கழுவப் போய் அலறிக்கொண்டு திரும்பினார். ஆனால் சோப்பில் செதுக்குவதால் மட்டும் ஆகாது என்று அண்ணிக்கே தெரிந்தது. பழைய லேபுக்குப் போனார்.

அங்கே இப்போது பொறுப்பில் இருந்தவள் அவரைவிடப் பத்து வயது சின்னவள். அண்ணி அங்கிருந்து விலகிய பிறகு சேர்ந்தவள். மதிய நேரத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பழகிக்கொள்கிறேன், சம்பளம் வேண்டாம் என்று அண்ணி கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இங்க சும்மா உக்கார யாருக்கும் இடம் இல்லக்கா. புதுசா வர்றவங்க செய்யற வேலையையும் செய்யணும்," என்றாள். அண்ணி சரி என்றார்.

புதிதாக வருகிறவர்கள் செய்வது அச்சு வார்க்கும் மாவைக் கலக்கும் கிண்ணங்களைக் கழுவுவது, அச்சுகளை உடைத்துச் சுத்தம் செய்வது, தரையைக் கூட்டுவது. வெளிநாட்டு லேபுக்கு விடியலிலிருந்து மதியம்வரை வடிவமைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறிப்போய் இவர் கிண்ணம் கழுவினார். நான் ஒருநாள் கடைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். நீளமான மேசை, வரிசையாகச் சின்னச் சின்ன நெருப்பு விளக்குகள், எல்லார் கையும் வெள்ளையாக. அண்ணி கடைசி நாற்காலியில். அந்தப் பெண் பின்னால் நின்று, "அக்கா, கத்தி பிடிக்கிற விதமே தப்பு. மணிக்கட்டைத் தூக்காதீங்க. மேசையில வையுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் கொஞ்சமும் இனிப்பு இல்லை. எனக்குச் சுருக்கென்றது. அண்ணி மணிக்கட்டை மேசையில் வைத்துக்கொண்டு, "இப்படியா?" என்று கேட்டார். முதல் நாள் பள்ளிக்கூடம் போன பிள்ளை கேட்பது போலக் கேட்டார்.

அன்று அவர் வீட்டுக்கு வந்ததும், "அவ ஏன் அப்படிப் பேசறா? நீங்க யாருன்னு தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும். நல்லாச் சொல்லித் தர்றா. நல்லாச் சொல்லித் தர்றவங்களுக்குத் தேன் தடவிப் பேச நேரம் இருக்காது," என்றார். அண்ணியிடம் நான் பொறாமைப்படுகிற குணம் இதுதான். எனக்கெல்லாம் ஒரு சொல் பொறுக்காது. அவருக்கோ, தனக்கு வேண்டியது கிடைக்கிறதா என்பதில்தான் கண். யார் தருகிறார்கள், எந்தக் குரலில் தருகிறார்கள் என்பதெல்லாம் பிறகு.

இதற்கிடையில் ஆங்கிலத் தேர்வு வந்தது. அண்ணியும் அண்ணனும் ஒரே நாளில் எழுதினார்கள். படிப்பதிலும் எழுதுவதிலும் அண்ணி நல்ல மதிப்பெண். பேசுவதில் கோட்டை விட்டார். இத்தனை வருடமும் அவர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தாரே தவிர வாயைத் திறந்து பேசியது அபூர்வம். தேர்வாளர் உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டதற்கு, "என் அறை" என்று சொல்லிவிட்டு அதற்குமேல் ஒரு சொல்லும் வராமல் உட்கார்ந்திருந்தாராம். அண்ணனோ எழுத்தில் தட்டுத் தடுமாறி, பேச்சில் மனைவியைத் தாண்டிவிட்டார்.

"இலக்கணம் இருந்துதா?" என்று என் கணவர் கேட்டார்.

"இலக்கணம் எதுக்கு? நான் நிறுத்தவே இல்ல. அந்தம்மாதான் போதும்னு கை காட்டினாங்க," என்றார் அண்ணன்.

தன் மதிப்பெண் ஒன்றும் மலை இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் மனைவிக்குத் தன்னால் செய்யக்கூடிய உதவி ஒன்று கிடைத்துவிட்டதில் ஒரு வேகம் பிடித்துக்கொண்டது. லேபிலிருந்து திரும்பும் அண்ணியை மாலையில் அந்த வெள்ளைக் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொள்வார். முன்சீட்டில் ஓட்டப் பழகும் யாராவது இருப்பார்கள். அண்ணன் ஒரு காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் பின்னால் கேள்வி கேட்பார். உங்கள் பள்ளித் தோழியைப் பற்றிச் சொல்லுங்கள். மழைநாளில் என்ன செய்வீர்கள். நகரம் நல்லதா, சிற்றூர் நல்லதா. அண்ணி பதில் சொல்ல வேண்டும். நிறுத்தினால் வண்டியும் நிற்கும். "பின்னால பேச்சு நின்னா நீங்க பிரேக் போட்டுடுங்க," என்று ஓட்டுகிறவருக்கு உத்தரவு. நடுச்சந்தியில் ஒருமுறை அண்ணிக்குச் சொல் வராமல் கார் நின்று, பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்து சண்டை போட்டார். அண்ணி கண்ணாடியை இறக்கி அவரிடம் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தாராம். லாரிக்காரர் திகைத்துப்போய்த் திரும்பிவிட்டார். அன்றைக்குத்தான் வாய்ப்பூட்டு விட்டது என்று அண்ணன் சொல்வார். இரண்டாவது முறை எழுதியபோது தேவையான மதிப்பெண்ணுக்கு மேலேயே வந்தது.

செய்முறைத் தேர்வு வேறொரு நகரத்தில். அண்ணன்தான் காரில் கூட்டிப்போனார். ஒரு தொழிற்பள்ளியின் கூடம், ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு விளக்கு. காலையில் பல்செட்டை அடுக்கும் பகுதி நன்றாகவே போனது. மதியம் மெழுகில் செதுக்குவது. அண்ணி கடைவாய்ப்பல்லைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டார். கடைசியாக மேலே வழவழப்பாக்க லேசாக நெருப்பில் காட்டினார். ஒரு கணம் கூடுதலாகக் காட்டிவிட்டார். கண்ணெதிரில் மேடெல்லாம் குழைந்து பள்ளத்தில் வழிந்தது.

"என்ன பண்ணீங்க?" என்று நான் பிறகு கேட்டேன்.

"கையை மடியில வச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பண்ணல. எல்லாரும் செதுக்கிட்டிருக்காங்க, நான் மட்டும் சும்மா உக்காந்திருக்கேன். தேர்வாளர் ஒருத்தர் என்னையே பாத்துட்டிருந்தார். அழுகை வந்துடும்னு நினைச்சேன். அப்புறம் ஒண்ணு தோணிச்சு. இந்தப் பல்லு கெட்டுப்போச்சு, சரி. ஆனா எனக்குப் பல்லு தெரியும். தெரிஞ்சது உருகிப் போகல. புதுக் கட்டி எடுத்தேன்."

இருந்த நேரத்தில் அழகுபார்க்க முடியாது. வேண்டியதை மட்டும் செய்தார். எதிர்ப்பல் வந்து உட்காரும் இடம், பக்கத்துப் பல் தொடும் இடம். வழவழப்பை விட்டுவிட்டார். நேரம் முடிந்ததும் தேர்வாளர் அந்தப் பல்லை எடுத்து மாதிரித் தாடையில் பொருத்தி, மேல் தாடையையும் கீழ் தாடையையும் சேர்த்துத் தட்டிப் பார்த்தார். ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் அண்ணி வாயே திறக்கவில்லை. அண்ணனும் பேசவில்லை என்றார், அதுதான் எனக்கு நம்ப முடியாதது.

தேர்ச்சி என்று பதில் வந்த அன்று அண்ணி முதலில் சொல்லப் போனது பழைய லேபுக்கு. அந்தச் சின்னப் பெண் செய்துகொண்டிருந்த வேலையிலிருந்து தலை தூக்காமல், "மணிக்கட்டு மேசையில இருந்துதா?" என்று கேட்டாளாம். இருந்தது என்றார் அண்ணி. "அப்ப சரி," என்றாள். பிறகு எழுந்து வந்து, வெள்ளைக் கையோடு அண்ணியைக் கட்டிக்கொண்டாள். அந்தப் புடவையில் முதுகுப்பக்கம் மாவுக் கை அப்படியே பதிந்திருந்தது. அண்ணி பஸ்ஸில் அதோடுதான் வந்தார்.

அதன்பின் நடந்ததெல்லாம் காத்திருப்பு. பாயிண்ட் கூட்டிப் பார்ப்பது, மருத்துவப் பரிசோதனை, காவல்துறைச் சான்று. காத்திருந்த நாளிலும் அண்ணி விடியும் முன் எழுந்து பல் செய்துகொண்டிருந்தார். என் மாமியார், அண்ணியின் அம்மா, இந்த நாட்களில் அதிகம் பேசவில்லை. ஒருநாள் மட்டும் என்னிடம், "இத்தனை வருஷம் கம்ப்யூட்டர்லயே வேலை பாத்தா. கம்ப்யூட்டர்லயே போய்ட்டு வர முடியாதா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அனுமதி வந்த அன்று அண்ணி கீழே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமியார் மகளின் கையை எடுத்து, விரல்களில் கத்தி கீறிய தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"நான் வேணாம்னா நீ நின்னுடுவியா?" என்று கேட்டார்.

அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. "கஷ்டப்படுவேன்மா. ஆனா போவேன்," என்றார்.

"போகணும். இவ்வளவு பண்ணிட்டு நிக்கறது முட்டாத்தனம்," என்றார் மாமியார். "ஆனா அங்க போய், வீட்டுலதானே இருக்காங்கன்னு என்னை நினைச்சுடாதே. காலையில கூப்பிட்டா நானும் கதவைப் பாதிதான் திறப்பேன்." சொல்லிவிட்டு அழுதார். அண்ணியும் அழுதார். அடுத்த அறையில் என் கணவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார், தான் அழுவது கேட்காமல் இருக்க.

போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஓகே ஐயா விமான நிலையத்துக்கே வந்திருந்தார். குள்ளமாக, கூச்சத்தோடு, கையில் பெயர் எழுதிய அட்டையோடு நின்றாராம். எங்கள் வீட்டில் அவரை ஏனோ ஆறடி மனிதராகவே நினைத்திருந்தோம். அண்ணனுக்கு அங்கே ஓட்டுநர் உரிமம் வாங்குவதற்குத் தேர்வு. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு உரிமம் வாங்கிக் கொடுத்தவர் முதல் தடவை தோற்றுப்போனார். பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரிக்கு வழி நெடுகப் பாடம் நடத்தினாராம். இரண்டாவது தடவை வாயை மூடிக்கொண்டு ஓட்டி வாங்கினார். இப்போது பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறார். மகள் எங்களிடம் ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசுகிறாள், ஆனால் சண்டை போடும்போது தமிழ்தான்.

அண்ணிக்கு அந்த நாற்காலி உடனே கிடைக்கவில்லை. மூத்தவர் ஓய்வைத் தள்ளிப்போட்டுவிட்டார். அதனால் பல மாதம் அவருக்கு உதவியாளாகவே இருந்தார். அதைப் பற்றி ஒரு நாளும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. இந்த வசந்தத்தில்தான் அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

போன வாரம் கூப்பிட்டார். சாலைச் சத்தம் கேட்டது, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கிறார் போல. அன்றைக்கு டாக்டர் ஒருவர், முன்பல்லின் நிறம் சரியாக அமைய வேண்டும் என்று இவரைத் தன் மருத்துவமனைக்கே வரச் சொல்லியிருக்கிறார். நோயாளி ஐம்பது வயதுக்காரி, பள்ளி நூலகத்தில் வேலை செய்கிறவள். பல நாளாகக் கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசிப் பழகியவள். அண்ணி செய்த பல்லை டாக்டர் பொருத்திவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தார். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, கையை வாயருகே கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அண்ணியைப் பார்த்துச் சிரித்தாள்.

"இத்தனை வருஷத்துல ஆயிரக்கணக்குல பல்லு செஞ்சிருக்கேன். அதுல ஒண்ணு ஒரு முகத்துல இருக்கிறதை இன்னைக்குத்தான் பாத்தேன்," என்றார் அண்ணி. "கன்னம் இருக்கு, கண்ணு இருக்கு. அந்தம்மாவுக்கு மூக்குல ஒரு மச்சம் இருக்கு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

"என்னதான் பண்ணீங்க?"

"அந்தம்மா கிளம்பற வரைக்கும் பாத்துட்டே நின்னேன். டாக்டர், ஏதாவது சரியில்லையான்னு கேட்டார். இல்லல்ல, எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னேன்." பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "அம்மா மாத்திரை போட்டாங்களா? சரி, பஸ் வருது. வச்சிடறேன்."